சேலைக்கு அந்தப் பக்கம் மாதா

இந்த வருடமும் ஒக்டோபர் பிறக்கும் முன்பே எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குள் மாதாவுக்காக ஒரு சிறு சண்டை நடந்து முடிந்தது. செபமாலை மாதத்தில் மாதாவின் சொரூபம் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கே ஒரு நாள் தங்கும். அந்த வீட்டார் செபமாலை சொல்லி, வந்தவர்களுக்குக் கடலையும் தேநீரும் கொடுத்து, மறுநாள் மாலை பாட்டோடு கொண்டுபோய் அடுத்த வீட்டாரிடம் ஒப்படைப்பார்கள். இதை முறை என்போம். இப்போது முறை வட்ஸ்அப்பில் வருகிறது. சனிக்கிழமை தனக்குத்தான் வேண்டுமென்று இரண்டு வீட்டுக்காரிகள் அதிலே மோதிக்கொண்டார்கள்.

“என்ரை மகள் லண்டனிலை இருந்து வீடியோவிலை செபம் சொல்லுறவள். அவளுக்குச் சனிதான் லீவு.”

“ஏன், எங்கடை பெடியன் கனடாவிலை ஒவ்வொரு நாளும் லீவிலையோ நிக்கிறான்?”

வாசித்துச் சிரித்தேன். சிரித்த வாயோடு கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். பொறாமை பொல்லாத சொல்தான். ஆனால் விசுவாசம் எனக்கு அந்தப் படலையைத் திறந்துகொண்டுதான் வந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பில் வந்திருக்கும், தாயின் மடியில் வந்திருக்கும். எனக்கு, சின்னம்மா வீட்டில் நின்ற மாதாவைப் பார்த்து வயிறெரிந்து வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. யுத்தத்தால் கொழும்புப் பாதை பூட்டியிருந்த காலம். பூட்டியது யார், திறப்பு யாரிடம் என்பதெல்லாம் பெரியவர்களின் கதை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சவர்க்காரம் இல்லை, மெழுகுதிரி இல்லை, ஜாம் போத்தலுக்குள் திரி போட்ட விளக்குக்கு ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விடும்போது அம்மா மூச்சைப் பிடித்துக்கொள்வாள் என்பதுதான். அப்பா கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதினார். பூட்டிய பாதைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். முதலில் கடிதம் பிந்தி வந்தது. பிறகு வராமல் நின்றது. அவருடைய சட்டை ஒன்று சுவரில் ஆணியில் தொங்கியது. அதைத் தோய்க்க அம்மா எடுப்பதேயில்லை.

ஒழுங்கையின் கடைசி வீடு எங்களுடையது. அதற்கு முதல் வீடு சின்னம்மாவுடையது. கதியால் வேலியொன்றுதான் இடையில். வேலிக்கு அந்தப் பக்கத்தில் எல்லாம் இருந்தது. மாதுளை இருந்தது. பால் கறக்கிற மாடு இருந்தது. முழங்கால் வரை தலைமயிர் வளர்த்த ஒரு மகள் இருந்தாள், என்னைவிட ஆறு மாதம் இளையவள். கோயில் சுற்றுப்பிரகாரத்தில் கடதாசிச் சிறகு கட்டிச் சம்மனசாக நடப்பவள் எப்போதும் அவள்தான். ஒருதடவை நான் கேட்டதற்கு, கோயிலில் பிள்ளைகளைப் பழக்குகிற சங்கீத மாமி என் காலைப் பார்த்து, “சம்மனசு இப்பிடி அகட்டி நடவாது, பிள்ளை” என்றார். இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். பள்ளிக்கூடம் போகிற நேரம் சித்தப்பா படலையடியில் குந்தியிருந்து அவளுடைய சப்பாத்து வாரைப் பூட்டிவிடுவார். நான் நின்று பார்ப்பேன். என் சப்பாத்துக்கு வாரே இல்லை, ஆனாலும் காலை நீட்டிக்கொண்டு நிற்பேன்.

ஆகவே எனக்கு மாதா வேண்டியிருந்தாள். கோயிலில் அவளிடம் கேட்டு ஒரு பிரயோசனமுமில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அங்கே ஊர் முழுவதும் ஒரேயடியாய்க் கேட்கிறது, யாருடைய குரலென்று அவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்தால் வேறு. ஒரு முழு நாள். சத்தமில்லை. ஆணியில் தொங்கும் சட்டையை அவளே காண்பாள். கண்டபிறகு எப்படிச் சும்மா இருப்பாள்? அம்மாவும் ஏறக்குறைய இதையேதான் நினைத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அந்த வருடம் எங்கள் முறை மாதத்தின் கடைசி முறையாக வந்தது. செப்டெம்பரிலேயே அம்மா கூரை மூலையில் ஒட்டடை அடிக்கத் தொடங்கிவிட்டாள்.

மாதாவை வைக்கிற மேசைக்கு எங்களிடம் ஒரேயொரு வெள்ளைத் துணி. சவர்க்காரம் இல்லாத காலத்தில் துணி தோய்க்கப் பனம்பழம்தான். களியைப் பிசைந்து, நுரை எடுத்து, தோய்த்து, வேலியில் காயப்போட்டாள். துணி வெளுத்தது, ஆனால் பழ மணம் போகவில்லை. சின்னம்மாவின் மாடு வேலிக்குள்ளால் தலையை விட்டு, துணியின் ஒரு மூலையை ஆறுதலாகச் சப்பிக்கொண்டு நின்றது.

“ஐயோ, மாதாவின்ரை துணி!” அம்மா விளக்குமாற்றோடு ஓடினாள்.

வேலிக்கு மேலால் சின்னம்மாவின் தலை வந்தது. “பனங்காயிலை தோய்ச்சுப்போட்டு வேலியிலை போட்டா அது தின்னாமல் என்னக்கா செய்யும்? அதுக்கு அது பழம்.”

“உன்ரை மாட்டுக்கு வயிறு நிரம்பத் தவிடு வை. பேந்து எனக்குப் புத்தி சொல்லு.”

சித்தப்பா வந்து மாட்டின் கழுத்தைக் கட்டிப் பின்னால் இழுத்தார். அவர் எதையும் சிரிப்பில் கொண்டுபோய் முடிப்பவர். “விடுங்கோ மச்சாள். மகன் பிறந்தது மாட்டுக்கொட்டிலிலை. தாயோடை உதுக்கு என்ன கொண்டாட்டமோ, ஆர் கண்டது.”

அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்களுடைய மாட்டுக்குக்கூட மாதாவில் எங்களைவிடக் கூட உரிமை இருப்பதாகப் பட்டது. அம்மா சப்பின மூலையை வெட்டி, விளிம்பை மடித்துத் தைத்தாள். மேசைக்கு இப்போது துணி ஒரு பக்கம் எட்டவில்லை. “அந்தப் பக்கத்தைச் சுவரோடை விடுவம்” என்றாள்.

சின்னம்மா வீட்டுக்கு மாதா வந்த மாலை நானும் போனேன். சொரூபம் பெரிதல்ல, ஒரு கைக்குழந்தை உயரம். மூக்கு நுனியில் சாயம் உதிர்ந்திருந்தது. ஊரிலிருந்த கடைசி மெழுகுதிரித் துண்டும் அவளோடு வீடு வீடாக வந்தது. பாட்டுத் தொடங்கும்போது ஏற்றி, முடிந்ததும் அணைப்பார்கள். சின்னம்மாவின் மகள் பாட்டை எடுத்துக்கொடுத்தாள். அவித்த மரவள்ளிக்கிழங்கும் பனங்கட்டித் தேநீரும் தந்தார்கள். யாருடைய துண்டு பெரிதென்று பார்த்துப் பார்த்து நான் தின்றேன். தின்றுகொண்டே மாதாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் அந்த வீட்டில் மிகவும் வசதியாக நிற்பது போலிருந்தது.

நாளைக்கு, என்று அவளிடம் சொல்லிவைத்தேன். நாளைக்கு உமக்கு எங்கடை வீடு.

மறுநாள் முற்றம் கூட்டியாயிற்று. குருத்தோலையில் தோரணம் கட்டியாயிற்று. துணி விரித்த மேசை, சுவரோடு ஒட்டி, ஆணியில் தொங்கும் சட்டைக்கு நேர் எதிரே. பின்னேரம் வெயில் சாய்ந்து வரும்போது ஒலிபெருக்கி கட்டிய வாகனமொன்று பெருந்தெருவால் போனது. என்ன சொன்னது என்பது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் ஒழுங்கை முழுவதும் ஒரேயடியாக வெளியே வந்து நின்றதும், பிறகு ஒரேயடியாக உள்ளே ஓடியதும் கண்ணில் இருக்கிறது. எல்லோரும் போகவேண்டும். ஊரை விட்டு. இப்போதே. பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிப் பக்கம்.

அம்மா அரிசியை எடுத்தாள், பானையை எடுத்தாள், ஆணியிலிருந்த சட்டையை எடுத்துத் தன் சட்டைக்குள் செருகினாள். நான் மேசையடியில் நின்றேன்.

“அம்மா, இண்டைக்கு எங்கடை முறையெல்லோ?”

“கெதியா வா, பிள்ளை.”

“மாதா இன்னும் வரேல்லை.”

அம்மா என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு விரித்த துணியை இழுத்து எடுத்து அரிசிப் பையைச் சுற்றிக் கட்டினாள்.

வேலிக்கு அந்தப் பக்கத்தில் சித்தப்பா சைக்கிளின் பின்கரியரில் மாதாவைக் கட்டிக்கொண்டிருந்தார். சின்னம்மாவின் கூறைச் சேலையால் சுற்றி, ரியூப் வாரால் இறுக்கி. தையல் மெசினை ஏற்ற முதலில் பார்த்திருக்கிறார்கள். அது இறக்கி முற்றத்தில் வைக்கப்பட்டிருந்தது. இரண்டுக்கும் கரியரில் இடமில்லை. சின்னம்மா அந்த மெசினை வைத்துத்தான் சட்டை தைத்துக் காசு பார்த்தவள் என்பதை நான் அந்த நேரம் நினைத்துப் பார்க்கவில்லை. எங்கள் சைக்கிளில் பானை, அவர்களுடைய சைக்கிளில் மாதா. இதைத்தான் பார்த்தேன்.

அந்த நடையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள், எழுதியும் இருக்கிறார்கள். ஒரு தெரு, அதில் ஒரு குடாநாட்டுச் சனம், மேலே மழை. எனக்கு நினைவிருப்பது ஒரு சைக்கிளின் பின்பக்கம் மட்டுமே. நெருக்குப்பட்டு நெருக்குப்பட்டு ஒரு அடிக்கு ஒரு நாழிகை என்று நகர்ந்த சனம், மாதாவைக் கண்ட இடத்தில் கொஞ்சம் விலகியது. சிலுவை போட்டார்கள். திருநீறு பூசிய ஒரு ஐயா சேலைக்கு மேலால் கையை வைத்து, “அம்மாளாச்சி, எங்களையும் கூட்டிக்கொண்டு போ” என்றார். யாரோ ஒரு பெண் சின்னம்மாவின் மகளிடம் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தாள். மாதாவின் பிள்ளையாம். அவள் ஒரு கையால் கரியரைப் பிடித்தபடி மறுகையால் அதைத் தின்றாள்.

“கொஞ்சம் நான் பிடிக்கிறன்” என்றேன்.

“ஏலாது. எங்கடை முறை.”

“அது நேற்று.”

“கொண்டுவந்து தந்தால்தானே முறை முடியும்? நாங்கள் இன்னும் தரேல்லை.” பிறகு, வாயில் பிஸ்கட்டோடு, சட்டம் தெரிந்தவள் போலச் சொன்னாள்: “தாறதுக்கு உங்களுக்கு வீடும் இல்லை.”

அது உண்மையாக இருந்தது. வீடு இருந்தால்தானே வீட்டுக்கு வருவாள்.

விடிகிற வேளையில் பாலத்தைத் தாண்டினோம். தாண்டிச் சிறிது தூரத்தில் சித்தப்பா நின்றுவிட்டார்.

“மாட்டை அவிட்டு விடேல்லை” என்றார்.

சின்னம்மா சைக்கிளின் ஹாண்டிலை இறுகப் பிடித்தாள். “விசரே உங்களுக்கு? இந்தச் சனத்துக்குள்ளாலை திரும்பிப் போறதே? போகாதேங்கோ.”

“கட்டினபடி நிக்குதப்பா. தண்ணியும் இல்லை, ஒண்டும் இல்லை. கன்றுத்தாச்சி மாடு.” பிறகு தன் வழக்கத்துக்குச் சிரித்தார். “உங்களோடை மாதா நிக்கிறா. எனக்கென்ன பயம்? அவிட்டு விட்டிட்டு ஓடி வாறன்.”

குனிந்து மகளின் சப்பாத்து வாரை ஒருதரம் பூட்டிவிட்டார். பிறகு சனத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்தார். எதிர்ப்பக்கமாக நடந்தவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான், அதனால் கனநேரம் அவருடைய தலை தெரிந்தது. மாதங்கள் கழித்து ஊருக்குத் திரும்பியபோது கொட்டிலில் கயிறு அவிழ்ந்து கிடந்தது. அவர் போய்ச் சேர்ந்திருக்கிறார். அதற்கு மேல் இன்றுவரை எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

கொடிகாமத்தில் ஒரு சைவக் குடும்பம் தங்கள் தேங்காய்க் கொட்டிலை எங்களுக்கு ஒதுக்கித் தந்தது. குவிந்திருந்த தேங்காயை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, அம்மா தன் சேலையொன்றைக் குறுக்கே கட்டினாள். சேலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சின்னம்மாவும் மகளும். மாதா அந்தப் பக்கம். ஒரு பலகைப் பெட்டிக்கு மேல், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில். மெல்லிய சேலை. பின்னேர வெயில் அந்தப் பக்கத்து வாசலால் விழும்போது மாதாவின் நிழல் எங்கள் வீட்டுக்குள் வரும். நிழல் வரும், அவள் வரமாட்டாள்.

வந்து சேர்ந்த அன்றே அம்மாவிடம் கேட்டுவிட்டேன். இப்போது வீடு இருக்கிறதே, சேலை கட்டினால் அது வீடுதானே, இனித் தரலாம்தானே? சின்னம்மாவுக்குக் கேட்கட்டும் என்று உரக்கத்தான் கேட்டேன். சேலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

“அவர் வரட்டும், பிள்ளை. முறையை வீட்டுக்காரர்தானே எடுத்துக் குடுக்கிறது. அவர் வந்து தூக்கித் தருவார்.”

அம்மா, “ஓம், அவர் வரட்டும்” என்றாள்.

அவர் வரவில்லை. ஒவ்வொரு மாலையும் அம்மா சேலையை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னாள். நானும் போகவேண்டியிருந்தது, விருந்தாளியாக. வீட்டுக்கார அம்மா நெற்றியில் குங்குமத்தோடு வந்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். காலையில் தன் சாமிக்குப் பறித்த செவ்வரத்தையில் இரண்டைக் கொண்டுவந்து பெட்டியில் வைப்பாள்.

“உங்கடை அம்மனுக்கு இது ஆகுமோ தெரியாது, தங்கச்சி.”

“பூவெல்லோ, எல்லாருக்கும் ஆகும்” என்பாள் சின்னம்மா.

“சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுறியள். அவவுக்கு அலுக்காதே?”

“சொல்லுற எங்களுக்கு அலுக்காட்டிச் சரி.”

வீட்டுக்கார அம்மாவின் கை கருணையான கை. ஆனால் அது எப்போதும் முதலில் சின்னம்மாவின் மகளின் தலைக்குத்தான் போகும். கூழ் காய்ச்சினால் முதல் சிரட்டை அவளுக்கு. தேங்காய்ப்பூ துருவினால் முதல் பிடி அவளுடைய கையில். “பாவம், தேப்பனைக் காணாத பிள்ளை” என்பாள். நானும்தான் அப்பாவைக் காணவில்லை. இரண்டு வருடமாகக் காணவில்லை. ஆனால் என்னுடையது பழைய துக்கம், ஊர் பார்த்துப் பழகிய துக்கம். அவளுடையது புதுசு. மாதுளை, மாடு, தலைமயிர், மாதா, கடைசியில் துக்கமும் அவளுக்குத்தான் பெரிதாய் வாய்த்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சேலைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து நிழலிடம் சொன்னேன். அவளுக்கு அப்பா இருந்தபோதும் உம்மையும் வைத்திருந்தாள். இல்லாதபோதும் உம்மையே வைத்திருக்கிறாள். இதென்ன நியாயம்?

நவம்பர் பிறந்திருந்தது. எங்களுக்கு அது மரித்த ஆத்துமாக்களின் மாதம். அகதியாய் வந்த சனம் பக்கத்துச் சிற்றாலயத்தடியில் கூடியது. பாதர் வந்திருந்தார். கல்லறைகள் தூரத்தில், யாரும் போகமுடியாத ஊரில் இருந்தன. அதனால் மண்ணில் சிறு சிறு குவியல் கூட்டி, தேங்காய்ச் சிரட்டைகளில் எண்ணெய் ஊற்றித் திரி வைத்தார்கள். அவரவர் தங்கள் செத்தவர்களின் பெயரைச் சொல்லிக் கொளுத்தினார்கள். வழியில் செத்தவர்களின் பெயர்களும் இருந்தன.

சின்னம்மா வரவில்லை. அம்மா கூப்பிட்டபோது தேங்காய்க் குவியலில் சாய்ந்தபடி சொன்னாள்:

“எனக்கு நவம்பர் இன்னும் பிறக்கேல்லை அக்கா. மாதா என்ரை வீட்டிலை நிக்கிறா. முறை முடிஞ்சால்தானே மாசம் முடியும்?”

யாரும் அவளைத் திருத்தவில்லை. பாதர்கூட ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, “இருக்கட்டும், இருக்கட்டும்” என்று சொல்லிப் போனார். கோயிலுக்கெல்லாம் நவம்பர் நடந்துகொண்டிருக்க, எங்கள் கொட்டிலில் மட்டும் ஒக்டோபர் நின்றது. சின்னம்மா ஒவ்வொரு மாலையும் செபமாலையின் முடிவில் ஆத்துமாக்களுக்காகச் சொல்லுகிற செபத்துக்கு வந்ததும் மாலையை முத்தமிட்டு எழுந்துவிடுவாள். அம்மாவும் எழுந்துவிடுவாள். செபம் சுருங்கியதே என்று எனக்கு ஒரு சந்தோசம். முழந்தாள் நோவு குறைந்தது.

அந்த நாட்களில்தான் சந்தையில் அது நடந்தது. அம்மா பூசணிக்காய்க் கீற்றொன்றுக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். வவுனியா வழியாகக் காடும் தண்ணியும் தாண்டி வந்த வியாபாரி ஒருவர், சைக்கிளில் மூட்டையோடு நின்றவர், அம்மாவை உற்றுப் பார்த்தார். பிறகு அப்பாவின் கடையைச் சொன்னார். அப்பாவின் பெயரைச் சொன்னார்.

“நீங்கள் அவரின்ரை மனுசியெல்லே? படம் காட்டினவர். போன மாசம் கண்டனான். சுகமா இருக்கிறார். முழங்கால்தான் கொஞ்சம் கரைச்சல் குடுக்குதாம். எத்தினை கடிதம் போட்டவர் எண்டு சொல்லிச் சொல்லி அழுதவர்.” என் பக்கம் திரும்பினார். “இவதானே மகள்? அகட்டி நடக்கிறவ எண்டு சொன்னவர். கண்டுபிடிச்சிட்டன் பாருங்கோ.”

அம்மா பூசணிக் கீற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். சிரித்தாளா, அழுதாளா, இரண்டும் ஒன்றாக வந்தது. காய்க்காரர் பயந்துபோய், “எடுத்துக்கொண்டு போங்கோ, காசு வேண்டாம்” என்றார். எனக்குக் கால் நிலத்தில் இல்லை. அப்பா இருக்கிறார். என் நடையைப் பற்றி ஊர் தாண்டி ஊர் கதைத்திருக்கிறார். சேலைக்கு அந்தப் பக்கம் போய் ஒரு சத்தம் போடவேண்டும். இப்ப என்ன சொல்லுறாய்? எனக்கு அப்பா இருக்கிறார். மாதா ஒருநாள்கூட எங்கடை வீட்டுக்கு வராமலே!

கொட்டிலுக்குத் திரும்புகிற வழியில், கிணற்றடியில் அம்மா நின்றாள். முகத்தைக் கழுவினாள். திரும்பவும் கழுவினாள். சந்தோசத்தைக் கழுவி இறக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

“சின்னம்மாட்டைச் சொல்லாதை, என்ன?”

“ஏன்?”

“சொல்லாதை எண்டா சொல்லாதை. அவள்ரை பிள்ளையிட்டையும் வாய் திறக்கப்படாது.”

“நாங்கள் ஏன் ஒளிக்கோணும்? களவே எடுத்தனாங்கள்?”

அன்று மாலை அவள் வழக்கம்போல் சேலையை விலக்கி அந்தப் பக்கம் போனாள். நேற்றைய முகத்தை இன்றும் போட்டுக்கொண்டு போனாள். அவளுடைய குரலைத்தான் என்னால் மறக்கமுடியவில்லை. நன்றி சொல்ல வந்தவள், இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவளைப் போலச் சொன்னாள். ஒவ்வொரு மணியாக, அடக்கி, மெதுவாக. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சந்தோசத்துக்கும் அவர்களைக் கேட்டுத்தான் முறை வரவேண்டுமா?

இப்படிக் கொஞ்ச நாள் போனது. அம்மா வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. திறந்தது சந்தை. காய்க்காரர் வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவள் வெள்ளை மனசோடு சின்னம்மாவிடம் வந்து, “உங்கடை அக்காவுக்கு நல்ல சேதியாமே” என்று சொல்லியிருக்கிறாள்.

அன்று பின்னேரம் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சேலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்னம்மாவின் குரல் வந்தது. கோபக் குரல்.

“அக்கா. அத்தான் சுகமா இருக்கிறாராம்.”

அம்மாவின் கையில் சுளகு நின்றது.

“எத்தினை நாளா உந்த முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என்ரை பக்கத்திலை முழந்தாளிலை நிக்கிறாய்? நான் என்ன பேயே? உனக்குக் கிடைச்சா எனக்குப் பொறுக்காதெண்டு நினைச்சியோ?”

“இல்லையடி...”

“பொறுக்கேல்லைத்தான்” என்றாள் சின்னம்மா. குரல் உடைந்து, உடனே சேர்ந்தது. “கேட்ட உடனை பொறுக்கேல்லைத்தான். கிணத்தடியிலை போய் இருந்தன். உனக்குத் தந்தவ எனக்கேன் தரேல்லை எண்டு அவவோடை நல்லாச் சண்டை பிடிச்சன். என்ரை வீட்டிலை நிண்டுகொண்டு உனக்குச் செய்திருக்கிறா. என்ரை இடத்திலை இருந்து பார், எனக்கு எப்பிடி இருக்கும்?”

நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சின்னம்மாவுக்கு எங்களில் பொறாமை! என் வாழ்வில் முதல் தடவையாக வேலி மற்றப் பக்கம் சாய்ந்தது.

அங்கே அவள் மூக்கைச் சீறுவது கேட்டது. பிறகு, வேறு குரலில்:

“வெளிக்கிடு அக்கா. துணியை விரி. முறையைக் கொண்டு வாறன்.”

“அவர் வந்து தருவார் எண்டெல்லோ...”

“நான் தாறன்.”

சேலையைத் தூக்கி அப்படியே கையால் நீட்டியிருக்கலாம். அவ்வளவு தூரந்தான். சின்னம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீடு விட்டு வீடு போவதென்றால் வெளியால்தான் போகவேண்டும், பாட்டோடு போகவேண்டும். கூறைச் சேலையைத் தோளில் போட்டு, மாதாவைத் தன் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, தங்கள் பக்கத்து வாசலால் முற்றத்தில் இறங்கினாள். மகள் பாட்டை எடுத்தாள். அன்றைக்கு அவளுடைய குரல் வழியில் இரண்டு மூன்று இடத்தில் நின்று நின்று வந்தது. வீட்டுக்கார அம்மா தன் சாமியறைக் குத்துவிளக்கிலிருந்து ஒரு சிரட்டையில் நெருப்பெடுத்து முன்னால் நடந்தாள். தென்னைகளுக்கு ஊடாக, கிணற்றைச் சுற்றி, கொட்டிலை முழுதாக ஒரு வட்டம் வந்து, மூன்று பேர் கொண்ட அந்தச் சுற்றுப்பிரகாரம் எங்கள் வாசலுக்கு வந்தது. ஒரு அரிசிப் பெட்டியைக் கவிழ்த்து, மூலை வெட்டிய அந்தத் துணியை அம்மா விரித்திருந்தாள். சின்னம்மா குனிந்து மாதாவை வைத்தாள். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள்.

எங்கள் வீட்டில் மாதா.

அன்றைய செபமாலையில் நான் பாடியதுபோல் வாழ்நாளில் பாடியதில்லை. சின்னம்மாவின் மகளின் குரலையும் மேவிப் பாடினேன். அவள் என்னோடு போட்டிக்கு வரவேயில்லை, தலையைக் குனிந்து தன் சப்பாத்து வாரை விரலால் சுற்றிக்கொண்டிருந்தாள். அது என்னுடைய வெற்றியாகவே பட்டது. அம்மா இப்போது தன் உண்மை முகத்தோடு முழந்தாளிட்டிருந்தாள். கன்னத்தால் கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை.

முடிவுக்கு வந்தோம். வழக்கம்போல் மாலையை முத்தமிட்டு எழுந்துவிடலாமென்று முழந்தாளைத் தூக்கினேன்.

“இரு பிள்ளை” என்றாள் சின்னம்மா. “இன்னும் ஒண்டு இருக்கு.”

மாதாவைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மரித்த ஆத்துமாக்களுக்கான செபத்தை அவளே தொடங்கினாள். அம்மா சட்டென்று அவளுடைய கையைப் பிடித்தாள். அவள் கையை விடுவிக்கவில்லை, செபத்தை நிறுத்தவுமில்லை. ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி முடித்தாள். மறுமொழி சொல்லவேண்டிய இடத்தில் அம்மாவுக்குக் குரல் வரவில்லை. சின்னம்மாவின் மகள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஏன் எல்லோரும் பேசாமல் இருக்கிறார்கள், நவம்பர் வந்து எவ்வளவு நாளாயிற்று, இப்போதாவது சின்னம்மாவுக்கு நினைவு வந்ததே என்று எண்ணினேன்.

எங்கள் வீடு. மறுமொழி சொல்லவேண்டியது எங்கள் கடமை. யாருக்காக என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கையைக் குவித்து, முழுக் கொட்டிலுக்கும் கேட்கும்படி, சந்தோசமாக, “ஆமென்” என்றேன்.